சதுப்பில் விழுந்த சோற்றுப் பொட்டலம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த ஒரு காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கூச்சமாக இருக்கும்.

ஆயர் குரோவுக்கு அப்பால் ஒரு பெரிய சதுப்பு. 'சுடக்கூடாது' என்று பலகை நட்டு, அதைப் பறவைகளுக்கே விட்டிருக்கிறார்கள். காஜா பெராங்கிலிருந்து நானும் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனும் சைக்கிளில் போனோம். அண்ணன் முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். இப்போது டவுனில் லாரி ஓட்டுகிறார்.

வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலக் கெடுபிடி எங்கள் பக்கம் தளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியுமா? அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறாய் என்று பிடித்துவிடுவார்களே! இப்போது தடையில்லை. ஆளுக்கொரு பொட்டலம் — வாழையிலையில் சோறு, நெத்திலி சம்பல்.

கரையில் உட்கார்ந்தோம். நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு கோரைக்குள் நுழைந்தது. தூரத்தில் கொக்குக் கூட்டம்... அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"அண்ணே, மாத்தா வர்றான்!" என்றேன். போலீஸ்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொட்டலத்தைத் தண்ணீரில் வீசிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன். அவர் கைகளை இறக்கவேயில்லை.

"சும்மா வெளையாட்டுக்குண்ணே..."

அவர் உட்காரச் சற்று நேரமாயிற்று.

"என் தம்பி இங்கதான் மீன் புடிக்கக் கெளம்புனான். பசிக்குமேன்னு இடுப்புல ஒரு பொட்டலம் சோறு. கேட்டுலயே புடிச்சுட்டாங்க. காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டுபோறான்னு உள்ள வச்சு, அப்புறம் கப்பலேத்தி நாடு கடத்திட்டாங்க."

"ஊருக்கா?"

"எந்த ஊருக்குத் தம்பி? அவன் பொறந்ததே இங்கதான்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தச் சோத்தைக் கட்டிக் குடுத்தது நான்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கெடுபிடியை ஓர் உத்தரவில் எடுத்துவிடுகிறார்கள். அண்ணனின் கைகளுக்கு யார் போய் அந்த உத்தரவைப் படித்துக்காட்டுவது?

என் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நீங்க சாப்பிடுங்கண்ணே. நான் ரோட்டைப் பாத்துக்கிறேன்."

ரோட்டில் யாருமே இல்லை. ஆனாலும், அவர் கடைசிப் பருக்கையை எடுக்கும்வரை நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.