தாடியில் கை வைக்காதீங்க

படக்குழு கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை. மணலில் புதைந்த வேனைக் கரையிலிருந்தவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய இயக்குநர் பெண், "அண்ணே, பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வர்ற சீன் மட்டும் பாக்கி. வந்து எடுத்துடுறோம். அதுவரைக்கும் தாடியில கை வைக்காதீங்க" என்றாள்.

நடிக்கத் தெரியாத முகங்களைத் தேடி வந்தவர்கள் அவர்கள். அந்த விஷயத்தில் கரைக்குப் பஞ்சமே இல்லை. அப்பா வேஷத்துக்கு, தனியாக வாழும் இந்த மீனவரைப் பிடித்தார்கள். இவருக்குக் கரையில் 'மாப்பிள்ளை' என்று பெயர். கடலுக்குப் போகிற நாளிலும் முகத்தை மழுமழுவென்று வழித்துவிட்டுத்தான் படகில் கால் வைப்பார். தாடி வளர்க்க ஒத்துக்கொண்டது அந்த ஒரு சீனுக்காக.

அவருடைய சொந்த மகள் தானே ஒருவனைத் தேடிக்கொண்டபோது, "இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதே" என்று கத்தியிருந்தார். அவளும் அப்பாவைப் போலவே பிடிவாதக்காரி. சொன்னபடியே வரவில்லை. படத்திலோ, வாசலில் வந்து நிற்கும் மகளிடம் அப்பா ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். "சாப்பிட்டியா?"

"படம் எல்லா ஊர்லயும் ஓடுமா?" என்று கேட்டு வைத்துக்கொண்டார். ஓடும் என்றார்கள். எங்கேயாவது உட்கார்ந்து அவள் பார்ப்பாள். அது போதும்.

படப்பிடிப்பு நடந்தது இவர் வீட்டில்தான். மனைவியாக நடித்த மீன்காரம்மா எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். வேன் போன அன்று ராத்திரி சோறு போடப் போனபோதுதான் கவனித்தார், படத்துக்கென்று வாங்கிய இரண்டாவது தட்டையும் எடுத்துப் போயிருந்தார்கள்.

தாடி வளர்ந்தது. உப்பு காய்ந்து அரித்தது, மீன் செதில் ஒட்டியது. கரையில் 'சாமியார்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.

"என்ன புருஷா, உன் கம்பெனி ஆளுங்க வரலியா?" என்றாள் மீன்காரம்மா, கூடையை இறக்கியபடி.

"வருவாங்க."

"அன்னிக்கு ஒரு விரக்கடை நீளம்தான் இருந்துச்சு. இப்ப நெஞ்சைத் தொடுது. அந்தப் படத்தோட இது எப்படிய்யா ஒட்டும்?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. கத்தரித்தால் சொன்ன சொல் போகும், விட்டால் சீன் போகும். தாடியைக் கையில் பிடித்து நீளம் பார்த்தார்.

"கை வைக்காதீங்கன்னுதானே சொன்னாங்க" என்றார் கடைசியில்.

"அந்த ஒத்தை வார்த்தையை உன் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லித் தொலையேன். நம்பர்தான் வச்சிருக்கியே."

"கேமராவுக்கு முன்னாடின்னா சொல்லிடுவேன்."

"ஏன், போன் கடிச்சிருமா?"

அவர் வலையை உதறினார். தனியாக இருக்கும்போது கதவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பார். ஒரு நாள் சத்தம் கூடிவிடும், ஒரு நாள் தொண்டையிலேயே நின்றுவிடும்.

மழைக்காலம் வந்து போனது. மறுபடியும் வந்தது. படகைக் கரையேற்றிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், போனில் குரல் செய்தி ஒன்று வந்தது. ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு காதில் வைத்தார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? படம் முடிஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு வர்ற சீன் இல்லாமலே முடிச்சுட்டோம். நீங்க தனியா கதவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்குற மாதிரி அன்னிக்கு எடுத்தோமே, அதுதான் கடைசி. பார்த்தவங்க எல்லாம் அழுதுட்டாங்க. அப்புறம்ண்ணே, தாடி இன்னும் இருந்தா எடுத்துடுங்க."