சலூனில் ஓடிய தோல்விப் படம்

கல்முனைச் சலூன்காரர் வெற்றிலைச் சிவப்பு உதட்டுக்காரர். கடை டிவியில் எந்நேரமும் ஒரே படம்தான். கோடி கோடியாகக் கொட்டி எடுத்தும் யாரும் சிரிக்காமல் படுத்துப்போன பகிடிப் படம்.

கழுத்தில் நுரையோடு, “ஏன் காக்கா இதப் போடுற?” என்று அவரைக் கேட்டேன்.

“நல்ல பகிடியப் போட்டா ஆக்கள் குலுங்கிச் சிரிக்கும், கத்தி இழுத்துரும் தம்பி. இதுல இண்டுவரைக்கும் ஒருத்தர்ர கழுத்தும் வெட்டுப்படல்ல.”

அந்த நம்பிக்கையில் கண்ணை மூடினேன். சட்டென்று கத்தி விலகியது. கண்ணைத் திறந்தால், டிவியில் கதாநாயகன் கலியாணக் கேக்கில் விழப்போகிறான். அவர் முன்கூட்டியே கையை உயர்த்திக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்.

“இந்த இடம் மட்டும் எனக்குத் தாங்க ஏலா.”

நேற்று அந்தப் படத்தை வீட்டில் மறுபடி பார்த்தேன். கேக்கில் என்ன பகிடி என்று இன்னும் விளங்கவில்லை. ஆனால் அந்த இடம் வருமுன்னரே என் கை கழுத்துக்குப் போய்விட்டது.