ஒற்றைக் கதவுக் கோர்ட்

ஐடா ப்ரூயெட்டுக்கு இடது கண் போன கதையை எங்கள் ரைக்கர் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நெவாடாக்காரர்கள் வாய்க்குப் பூட்டு ஏது? அன்றைக்கு என் நாய் ஒருவரைக் கடித்த வழக்குக்காக நான் கோர்ட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேளுங்கள்.

பெரிய கோர்ட் மலைக்கு அந்தப் பக்கம், பெல்மோரில். போய்வர முடியாமல் கவுண்டி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி ஒரு கிளைக் கோர்ட் வாங்கினோம். கவுண்டி கமிஷனர்கள் கொடுத்தது பழைய மாட்டுத்தீவனக் கடை. அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்கும் ஒரே வாசல். இன்னொரு கதவு வையுங்கள் என்று காவலுக்கு இருந்த ஐடா கமிஷனர்களின் ஒவ்வொரு கூட்டத்திலும் போய்க் கத்தினாள். "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று சிரித்தார்கள், பாவிகள்.

துப்பாக்கியோடு வருகிறவன் வாசல் சுவரில் அறைந்திருந்த மான்கொம்பில் அதை மாட்டிவிட்டு உள்ளே போவான். திரும்பும்போது ஐடா எடுத்துக் கொடுப்பாள். அதுதான் ஊர் வழக்கம்.

அன்று நோரீன் தாடை வீங்கி வந்திருந்தாள். புருஷன் டெல்பர்ட் அவள் பக்கமே போகக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். அவன் நேரே வாசலுக்குப் போய்க் கையை நீட்டினான்.

"குடு."

"தர மாட்டேன். நோரீன் முதல்ல வெளிய போகட்டும்."

"எங்கப்பன் வச்சிட்டுப் போன துப்பாக்கிடி அது!"

"அப்ப உங்கப்பனையே எழுந்து வரச் சொல்லு. அவர்ட்ட குடுக்கிறேன்."

"குடுத்துடு ஐடா, அவன் பொருள் அவனுக்கு" என்று பெஞ்சிலிருந்து ஒரு மடையன் குரல் கொடுத்தான்.

டெல்பர்ட் அவள் வாயில் குத்தினான். பல் தெறித்தது. ஐடா துப்பாக்கியை இழுத்து வயிற்றுக்கடியில் போட்டுக் கவிழ்ந்து படுத்துவிட்டாள். "நோரீன்! ஜன்னலை உடைச்சுட்டு ஓடு!" என்று ரத்தத்தோடு கத்தினாள். அவன் மான்கொம்பைப் பிடுங்கி அவள் தலையில் அடித்தான், மறுபடி முகத்தில் அடித்தான். உள்ளே ஜன்னல் நொறுங்கியது. நாலு பேர் சேர்ந்து நாங்கள் அவனை அமுக்கியபோது கொம்பின் முனை அவள் கண்ணுக்குள் இருந்தது. துப்பாக்கி மட்டும் அவள் பிடியை விட்டுப் போகவில்லை.

கமிஷனர்கள் வந்தார்கள். தரையில் இருந்த கறையைப் பார்த்தார்கள். கதவு வைப்பார்கள் என்று நினைத்தோம். பாதுகாப்பில்லை என்று கோர்ட்டையே மூடிவிட்டார்கள்! வயிறு எரிகிறது.

இப்போது டெல்பர்ட் சிறையிலிருந்து வந்துவிட்டான். உத்தரவைப் புதுப்பிக்க நோரீன் பெல்மோருக்குப் போக வேண்டும். அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கும் அதே மலைப்பாதைதான். நோரீனின் வண்டியில் ஐடாவும் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு நீ எதுக்கு?" என்று கேட்டேன்.

"ரோட்ட நோரீன் பாத்துக்குவா" என்றாள். "பின்னாடி வர்ற வண்டிய யாரு பாக்குறது?"