நானூறு அடி டைட்டில்

ஆபரேட்டராக நான் செய்த பெரிய தப்பு நானூறு அடி நீளம்.

எழுபதுகளின் கடைசி. கண்ணமங்கலத்தில் ஒரு சின்ன தியேட்டர். ஞாயிறு மேட்னிக்கு மலைக்காரர்கள் இறங்கி வருவார்கள். ஐந்தரைக்கு அவர்களுடைய கடைசி பஸ். படம் நீளமென்றால் கிளைமாக்ஸில் எழுந்து ஓடுவார்கள். அதனால் மேனேஜர், "டைட்டில எவன்யா பார்க்கிறான்? எட்த்துடு" என்பார். நாலரை நிமிஷ டைட்டிலைக் கத்தரித்து டப்பாவில் போடுவேன். சாயங்கால ஆட்டத்துக்கு மறுபடி ஒட்டிவிடுவேன். வெறும் பெயர்கள்தானே என்ற அலட்சியம் எனக்கும் இருந்தது.

அந்த ஞாயிறு படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் புரொஜெக்டர் கேபின் கதவைத் தட்டினார் சடையன் என்ற மலை விவசாயி.

"எழுத்தே வர்லீங்களே, எங்க ஊர் பேரு எப்பங்க வரும்?"

படத்தில் ஒரு பாட்டை அவர்கள் ஊரில் எடுத்திருந்தார்களாம். ஊரைக் கேட்காமல் சரி சொன்னவர் இவர். படம் எடுக்க வந்த கூட்டம் ஊராரின் விளைந்த சாமையை மிதித்து நாசம் செய்துவிட்டது. ஊரே இவரோடு பேச்சை நிறுத்திவிட்டது. படத்தில் ஊர் பெயர் வரும் என்று இவர் சத்தியம் செய்ய, அதையும் பார்த்துவிடலாம் என்று இருபது பேர் வந்திருந்தார்கள்.

"வர்லன்னா நான் பொய்யன்னு ஆய்டும். அப்புறம் அங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இருப்பேன்?"

ஊர் பெயரைக் கேட்டுக்கொண்டேன். டப்பாவைத் திறந்து, பல்பு வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து அடி அடியாகத் தள்ளினேன். நடிகர்கள், இசை, சண்டை, தையல், ஒப்பனை. ஊர் பெயரைக் காணோம். ரீல் மாற்றும் நேரம் வேறு நெருங்கியது. கடைசிக்குச் சற்று முன்னால் நன்றி கார்டு. அதில் இருந்தது. நாலரை அடி, திரையில் மூன்று விநாடி.

"இருக்குங்க. இடைவேளை முடிஞ்சதும் போட்றேன்."

"எங்கள்ல யாருக்கும் படிக்கத் தெரியாதுங்க. வர்றப்போ நீங்கதான் சொல்லணும்."

விஷயம் தெரிந்து மேனேஜர் ஓடிவந்தார். "பஸ் போய்டும்யா."

"போனா நடந்துக்கிறோம்ங்க" என்றார் சடையன்.

இடைவேளையில் ஒட்டினேன். ஒட்டு விட்டால் ஆட்டமே நின்றுவிடும். பாதிப் படத்தில் டைட்டில் மியூசிக் வந்ததும் கொட்டகை முழுக்க விசில். நான் கேபின் ஓட்டையில் முகத்தை வைத்து ஒவ்வொரு கார்டாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மலைக்காரங்க பாருங்க, இதான் உங்க ஊரு" என்று கத்தினேன். விசில் நின்றது. மூன்று விநாடியில் அந்தக் கார்டும் போய்விட்டது.

படம் விட்டபோது பஸ் இல்லை. வாசலில், சடையனை அதிகம் ஏசியவர் கேட்டார்: "உம் பேரையே போடச் சொல்லியிருக்கலாமேடா?"

"படக்காரங்க எம் பேரத்தான் கேட்டாங்க. நாந்தான் ஊரு பேரச் சொன்னேன். மிதிபட்டது ஊரு சாமையாச்சே."

இருபது பேரும் அவரைச் சுற்றிப் பேசிக்கொண்டே மலைப் பக்கம் நடந்தார்கள். அதற்குப் பிறகு எந்த மேனேஜர் சொல்லியும் நான் டைட்டிலில் கத்தரி வைத்ததில்லை.