பெரியப்பா பெயரில் ஒரு புழு

போன வாரம் ஆமத்தூரில் டீ குடிக்க இறங்கினேன். கடைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் அட்டை. தாளெல்லாம் கிழிந்துபோய், மேலே முருகனும் கீழே என் பெரியப்பாவும் அவருக்கு அடியில் ஒரு வரியும் மட்டும் மிச்சம். அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி கத்தியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

காரணம் சொல்ல, சிவகாசியில் பெரியப்பா நடத்திய அச்சகத்தின் குடோனுக்குப் போகவேண்டும். பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் சீசனுக்குக் காலண்டரும் அடிக்கும் அச்சகம். மை வாடையும் பசை வாடையும் ஆளைத் தூக்கும். பசைக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு நான் வருவேன். அப்போது விருதுநகரில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி நான். பல்லியின் குடலில் ஒட்டி வாழும் உருளைப்புழுக்கள்தான் என் படிப்பு. பந்தியில் இதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் இலையோடு இடம் மாறிவிடுவார்கள்.

பிடித்த புழுக்களை ஸ்பிரிட் குப்பிகளில் போட்டு குடோன் அலமாரியிலேயே வைத்திருந்தேன். ஆயுத பூஜை வந்தது. அச்சு இயந்திரத்தையே குளிப்பாட்டிச் சந்தனம் வைக்கும் நாள். காலையில் போனால் அலமாரிக்கும் பொட்டு வைத்திருந்தது. குப்பிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. என் படிப்பு மொத்தமும் சாக்கடையில்.

"சாமி கும்பிடுற எடத்துல புளுவ வச்சிருந்தா லெச்சுமி எப்படித்தா உள்ள வருவா?" என்றார் பெரியப்பா. "கட்டிக்குடுக்கிற வயசுல ஒனக்கு எதுக்கு இந்தக் கருமம்? இந்தா, சுண்டல் தின்னு."

தின்றேன். உப்பு கூடுதல். தின்றுகொண்டே கறுவினேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அதே குடோன், அதே சுவர், அவர் கோயிலுக்குப் போகும் நேரம். அப்படிப் பிடித்த பல்லிகளில்தான் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு புழு இருந்தது. விவரணையை அனுபவித்து எழுதினேன்: உடல் தடிப்பு, தலை மழுங்கல், கழுத்தென்று தனியாக இல்லை. எல்லாம் நுண்ணோக்கியில் கண்ட உண்மை. பெரியப்பாவுக்கும் அது பொருந்தினால் நான் என்ன செய்ய? புதிய இனத்துக்கு விவரிப்பவரே பெயர் வைக்கலாம். அவர் பெயரை வைத்தேன். காரணமும் ஒரு வரி சொல்லவேண்டும். 'இந்த ஆய்வுக்கு அவர் செய்ததை என்றும் மறக்கமாட்டேன்' என்று எழுதினேன்.

கட்டுரை வெளியான ஆய்விதழ் வந்ததும் அவர் மேஜையில் போட்டேன்.

"பெரியப்பா, இது பல்லி குடல்ல ஒட்டிக்கிட்டுத் திங்கிற புளு. அதுக்கு ஒங்க பேரு."

மூஞ்சி சுருங்கும் என்று காத்திருந்தேன். பாவி மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புளுவா இருந்தா என்னத்தா? அம்புட்டு நாட்டுக்காரனும் என் பேரச் சொல்லணும்ல?"

அந்த சீசனில் அடித்த காலண்டர் பூராவும் முருகனுக்குக் கீழே அவர் படம், அதற்குக் கீழே தமிழில் என் வரி. அது புழு ஆய்வு என்பதை மட்டும் விட்டுவிட்டார். வெம்பக்கோட்டை வரை வீட்டுக்கு வீடு தொங்கியது. அவர் பெயரை இங்கேயும் எழுதி அவருக்கு இன்னொரு பெருமை தேடித்தர மாட்டேன்.

நான் அட்டையையே முறைப்பதைப் பார்த்த டீக்கடைக்காரர், அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "யாரோ ஒரு பிள்ளை எம்புட்டு நன்றியோட எளுதியிருக்கு பாருங்க."

அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். குடோனை இடித்து ஏசி மண்டபம் கட்டிவிட்டார்கள். அங்கே இப்போது பல்லியும் இல்லை, புழுவும் இல்லை. சண்டை போடப் பெரியப்பாவும் இல்லை.