படியிறங்கிய பூனை

தக்கலையில் நாங்கள் குடியிருந்தது மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு மாடிவீடு. கீழே வீட்டுக்காரரின் பெயிண்ட் கடை. என் கணவர் அரசு பஸ் டிரைவர், நாகர்கோவில் ரூட். டிப்போ பக்கம், மகளைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வசதி என்றுதான் அந்த வீட்டைப் பிடித்தோம். மாடிப்படியைப் பற்றி யோசிக்கவில்லை. அப்போது அவள் தானாகவே படி ஏறிக்கொண்டிருந்தாள்.

பிறவியிலேயே அவளுக்கு இதயத்தில் கோளாறு. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு ஆப்பரேஷன் நடந்தது. வளர வளரச் சரியாகும் என்று நம்பியிருந்தோம். மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். உதடு நாவல்பழம் தின்றதுபோலக் கறுத்திருக்கும். பிறகு பள்ளிக்கூடமும் நின்றது. அப்பா தூக்கிக்கொண்டு இறங்கினால்தான் வெளியுலகம். அதுவும் ஆஸ்பத்திரிக்கும் கிறிஸ்மஸ் ஆராதனைக்கும்தான்.

அந்த வருஷத்து மழையில் டிப்போவில் நின்ற ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து அவர் ஒரு பூனைக்குட்டியை எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம், காது மட்டும் பெரிசு. மகள் அதற்கு ஒரு பெயர் வைத்தாள். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கீழே இரவும் பகலும் லாரி ஓடுகிற ரோடு என்பதால் பூனையையும் வெளியே விடவில்லை. இரண்டு பேரும் ஜன்னலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய பஸ் கடக்கும்போது இரண்டு தடவை ஹாரன் கேட்கும். இவள் கம்பி வழியாகப் பூனையின் கையைப் பிடித்து ஆட்டுவாள்.

நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிறுவர் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் வீட்டில் புத்தகத்துக்குக் குறைவில்லை. போதாததற்கு அவரும் நாகர்கோவிலிலிருந்து வாங்கி வருவார். பூனை வந்த பிறகு அவளுக்குப் பூனைக்கதை மட்டும் போதும். எல்லாம் ஒரே மாதிரிக் கதைகள். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை ஒருநாள் கதவு திறந்திருக்கும்போது வெளியே போகும். ஒரு நாய் துரத்தும், மழையில் நனையும், பயந்துபோய் வீடு திரும்பும். கடைசிப் படத்தில் ஒரு கிண்ணம் பால்.

ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, எல்லாப் பூனையும் என்னத்துக்குத் திரும்பி வருது?"

"வீடு இருக்குல்லா மக்ளே."

"வீடு முன்னாடியும் இருந்துல்லா. அப்போ என்னத்துக்குப் போச்சு?"

அவளே சொன்னாள், "அந்தக் கதையெல்லாம் எழுதினவங்க வெளிய போயிட்டு வந்தவங்க. அதான் வீடு கொள்ளாம், வீடுதான் நல்லதுன்னு எழுதுதாங்க. நீங்க வேற மாதிரி எழுதுங்கம்மா."

அப்படித்தான் ஆரம்பித்தோம். நான் ஒரு பக்கம் எழுதி வாசிப்பேன். அவள் திருத்துவாள். முதல் பக்கத்தில் பூனை மாடிப்படியில் இறங்குகிறது. "பாதிப் படியில் நின்று கொஞ்சம் இளைப்பாறியது" என்று எழுதியிருந்தேன். வாசித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது பூனை. இதுக்கு மூச்சு வாங்காது."

அடித்துவிட்டு எழுதினேன். பூனை ஒரே தாவலில் ரோட்டில் நின்றது.

பிறகு அப்பாவின் பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாகர்கோவில் போனது. மயிலாடியில் ஒருவர் கல்லில் சிங்கம் செதுக்கிக்கொண்டிருந்தார். அதைத் தன் பெரியப்பா என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, கல்தூசியில் தும்மியது. அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை. டூரிஸ்டுகள் கழற்றிப்போட்ட செருப்புகளை மோந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுத்த தரையில் படுத்தது. வீட்டிலிருந்து அரண்மனை எட்டிப்பிடிக்கிற தூரம்தான். அவள் போனதில்லை. உள்ளே படிகள் அதிகம் என்று நாங்கள் கூட்டிப்போகவில்லை.

ஆவணி மாதம் இரண்டாவது ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். காரில் போகும்போது என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். உள்ளே கொண்டுபோகும் முன்பு கேட்டாள்.

"பூனை இப்போ எங்கம்மா நிக்குது?"

"அரண்மனையிலதான். நாம வீட்டுக்குப் போயிட்டு மிச்சம் எழுதலாம்."

"அங்கின நிக்கட்டு. கூப்பிடாண்டாம்."

ஆப்பரேஷன் முடிந்து ஒருமுறை கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். வாயில் குழாய் இருந்ததால் பேச்சில்லை. அதற்குப் பிறகு திறக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது படி குறுகலாக இருந்ததால் பெட்டியை மேலே ஏற்ற முடியவில்லை. வீட்டுக்காரர் கடையை அடைத்து வாசலில் இடம் செய்து கொடுத்தார். நாற்காலி எடுக்கவும் தண்ணீர் எடுக்கவும் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். மேலே கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது பூனை இல்லை.

மறுநாள் காலையிலேயே அவர் ஒரு தாளில் சாளைமீன் தலைகளைப் பொதிந்துகொண்டு தேடக் கிளம்பினார். டிப்போ, மார்க்கெட், குளத்தங்கரை. அதற்கடுத்த நாளும் போனார். பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மனுஷன் பூனையைத் தேடுகிறாரே என்று எனக்குள் கோபம் எரிந்தது.

"உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "வேற எதத் தேடினா கிடைக்கும்? சொல்லு, தேடுதேன்."

அவர் தேடுவதை நிறுத்திக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். எலும்பும் தோலுமாகப் பூனை. ஒரு காது கிழிந்திருந்தது. என்னைப் பார்த்துக் கத்தியது. என்னிடமிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"நீ மட்டும் என்னத்துக்கு வந்தே சவமே! உன்ன யாரு கூப்பிட்டா?"

கதவை அடைத்துவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வராத அழுகை அப்போது வந்தது. கீழே கடையில் இருந்தவர்கள் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. டியூட்டி முடிந்து அவர் வந்து குரல் கொடுத்த பிறகுதான் திறந்தேன். காக்கிச் சட்டைக்குள் பூனையை வைத்துக்கொண்டு நின்றார். அதற்குச் சோறு பிசைந்து வைத்தார். பிறகு எனக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தார்.

அடுத்த வருஷம் அவர் கேட்டு வாங்கிக் குலசேகரம் ரூட்டுக்கு மாறினார். நாங்களும் அந்தப் பக்கமே ஒரு கீழ்வீட்டுக்குப் போனோம். அங்கே பூனை இஷ்டம்போலப் போகும், வரும். சிறுவர் பத்திரிகையிலிருந்து கதை கேட்டு போன் வந்தது. எழுதுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சர்ச்சில் சிலர் சொன்னார்கள். சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் அவர் சொன்னார், "நீ வெளிய எல்லாருட்டயும் சிரிக்க. வீட்டுல சிரிச்சே காணல."

"நீங்களும்தான்" என்றேன்.

வழியில் நின்ற மீன்காரியிடம் அயிலை வாங்கினோம். பையை அவர் வாங்கிக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கொஞ்சம் வேகமாக நடந்தோம்.