ஒரு காதுக்கு மட்டும் போட்டோ

எடை குறைந்த லென்ஸ், கைக்கு அடக்கமானது என்று யாராவது விளம்பரம் செய்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. எடையைக் குறைத்தார்கள், சரி. எதை எடுத்துவிட்டுக் குறைத்தார்கள் என்று ஒருவனும் சொல்வதில்லை.

என் அத்தை, அப்பாவின் தங்கை, புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு புத்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தாள். அவளுடைய பழைய லென்ஸ் முழுக்க உலோகமும் கண்ணாடியும்தான். பங்காருபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வண்டியிலிருந்து ரோட்டில் விழுந்து உருண்டது. விளிம்பில் ஒரு சொட்டை விழுந்ததோடு சரி, அன்றைக்கே அதில் முகூர்த்தம் எடுத்தாள். ஆனாலும் எனக்குக் காது குத்துவதைப் புது கேமராவில், அதோடு வந்த புது லென்ஸில்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

நகரி கோயிலில் மாமா மடியில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி வலது காதைக் குத்தினார். நான் அலறினேன். அத்தை எடுத்தாள். இடது பக்கம் வந்து லென்ஸைத் திருப்பியபோது டக்கென்று ஒரு சத்தம். லென்ஸ் அவள் கையோடு வந்துவிட்டது. லென்ஸின் அடியில், கேமராவோடு மாட்டும் இடத்தில் இருந்த வளையம் வெறும் பிளாஸ்டிக். அதன் பற்கள் முறிந்து கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொண்டன. பையிலிருந்த பழைய லென்ஸை மாட்டப் பார்த்தாள். சிக்கிய துண்டுகள் இடம் விடவில்லை. அதற்குள் ஆசாரி இடது காதையும் முடித்துவிட்டார்.

"இவ கையில எதுதான் நெலச்சிது?" என்றார் பெரியப்பா, அத்தனை பேர் நடுவில். லென்ஸைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். சர்வீஸ் கடைக்காரர் லென்ஸைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "மீரே கிந்த படேசுண்டாரு" என்றார், நீங்களே கீழே போட்டிருப்பீர்கள் என்று.

அத்தை தமிழிலேயே வெடித்தாள். "கீழ உழுந்தா கண்ணாடி ஒடையாதா? கண்ணாடி முழுசா கீது, நல்லா பாருங்க. மாட்ற எடத்துல பிளாஸ்டிக்க வெச்சிட்டு என்னைய சொல்றீங்களே!"

"இப்ப எல்லாம் இப்பிடித்தாம்மா வருது" என்று அவரும் தமிழுக்கு வந்தார். "ரிப்பேர் கெடையாது. வேற வாங்கிக்கோங்க."

"ஒடையறதுக்குன்னே செஞ்சி விக்கிறீங்களா? இத எங்க அண்ணங்கிட்ட வந்து சொல்லுங்க. அங்க எல்லாரும் என் கைய சொல்லிக்கினு கீறாங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பழைய லென்ஸ்தான் இருக்கிறதே, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். போட்டோ எடுக்கச் சித்தூரிலிருந்து வேறு ஆட்கள் வந்திருந்தார்கள். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தோடு படம் எடுக்கக் கூப்பிட்டபோது நான்தான் அவளை மேடைக்கு இழுத்துப் போனேன்.

"அத்த, இன்னிக்கித்தான் நீயும் போட்டோல இருக்க!" என்று குதித்தேன்.

ஆல்பத்தில் நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறேன். அத்தைக்கு இதைவிட நல்லது ஒன்று நடந்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.